ஹத்தா எழுதிய ‘நம் ஜனநாயகம்’

பதவி ஏற்றவரைப் புகழ்ந்து எழுந்த பாட்டும் உரையும் தமிழில் மிகப் பல. அதிகாரத்தின் நிழலை விட்டு வெளியேறியவரைப் பற்றிய செய்திகளோ சிலவே. அச்சிலவற்றுள் கணிகண்ணன் கதை மறக்கவொண்ணாதது. அரசன் விருப்பத்துக்கு இணங்கிப் பாட மறுத்தமையால் கணிகண்ணன் காஞ்சியை விட்டுப் போகுமாறு பணிக்கப்பட்டான். அவன் ஆசிரியராகிய திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் சொற்கேட்டுப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார் என்பது வைணவ மரபு. ஊர் பொலிவிழந்தது, அரசன் ஓடிச்சென்று பணிந்து நின்றான்.

வெளியேறுதல் ஒரு வழி. வள்ளுவர் காட்டுவது மற்றொரு வழி. அறிவுரையை ஏற்காத அறிவிலியே அரசனாயினும், அருகிலிருந்து உறுதியை எடுத்துரைப்பது அமைச்சன் கடன் என்கிறார் அவர். எடுத்துரைத்தும் பயனில்லையாயின் அமைச்சன் என் செய்வது? அமைச்சு என்னும் அதிகாரத்தில் அவ்வினாவுக்கு விடை இல்லை. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மலாக்கா நீரிணைக்கு அப்பால், ஒரு குடியரசின் இரண்டாம் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவர் பதினோராண்டுகள் அருகிலிருந்து சொல்லிப் பார்த்தார், பின்னர் வெளியேறினார், வெளியேறி மூன்று ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் கழிந்தபின் எழுதினார். அவர் எழுதிய கட்டுரையே ஈண்டு ஆராய்தற்குரியது.

இந்தோனேசியக் குடியரசின் முதல் உபஜனாதிபதி முகம்மது ஹத்தா. 1956ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அவர் நாடாளுமன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் பணியைத் தொடங்கிவிட்டது, அரசியல் நிர்ணய சபையும் உருவாகிவிட்டது, ஆகவே தாம் விலகுதற்குரிய காலம் வந்துவிட்டது என்பது அதன் சாரம். டிசம்பர் முதல் நாள் விலகல் நடப்புக்கு வந்தது. கடிதத்தில் சினம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, சுகர்ணோவின் போக்கைப் பற்றிய கண்டனம் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்பவர் கணக்கை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது போன்ற நடை. பணிவு மிக்க கடிதம் என்று இதனைப் பாராட்டுவோர் உளர். பணிவு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நாட்டின் இரண்டாம் தலைவர் ஏன் போகிறார் என்பதை அறிய விரும்பிய சிற்றூர்க் குடிமகன் அக்கடிதத்தைப் படித்து எதனைத் தெரிந்துகொண்டிருக்க முடியும்?

காரணம் இல்லாமல் போகவில்லை. 1950ஆம் ஆண்டின் தற்காலிக அரசியல் சட்டப்படி ஆட்சிப் பொறுப்பு மந்திரிசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியது. ஜனாதிபதியும் உபஜனாதிபதியும் அலங்காரத் தலைவர்கள். ஹத்தா அவ்வரம்பைப் பேணினார். சுகர்ணோவுக்கு அவ்வரம்பு உறுத்திக்கொண்டே இருந்தது. மந்திரிசபைகளும் நிலைக்கவில்லை, 1950 செப்டம்பர் முதல் 1957 மார்ச்சு வரை ஆறு மந்திரிசபைகள் வந்து போயின. கட்சிகளைப் புதைத்துவிட வேண்டும் என்று சுகர்ணோ வெளிப்படையாக முழங்கியது 1956 அக்டோபர் இறுதியில். அதற்கு முன்னரே, ஜூலையில், விலகல் கடிதம் போய்விட்டது என்பது கருதத்தக்கது. வெள்ளம் வருமுன் கரையை விட்டு அகன்றவரைக் கோழை என்பதா, முன்னறிவுடையார் என்பதா? அவர் பின்னர் எழுதியிராவிட்டால் இக்கேள்விக்கு விடை காண இயலாது போயிருக்கும்.

வெள்ளம் வந்தது. 1957 மார்ச்சு 14இல் இராணுவச் சட்டம். 1959 ஜூலை 5இல் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்து, 1945ஆம் ஆண்டின் சட்டத்தை மீட்ட ஆணை. 1960 மார்ச்சில், வரவு செலவுத் திட்டத்தில் முரண்பட்ட நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டது. அதனிடத்தில் நியமன உறுப்பினர் அமர்ந்தனர். ‘வழிகாட்டப்பட்ட ஜனநாயகம்’ என்பது இம்முறைக்குச் சூட்டப்பட்ட பெயர். இடையில் ஹத்தா முற்றிலும் ஒதுங்கி இருந்துவிடவில்லை. 1957 செப்டம்பரில் கூடிய தேசிய ஆலோசனை மாநாட்டில் இருவரும் ஒன்றுபட்டு நிற்பதாக அறிக்கையில் கையெழுத்திட்டனர். அந்த ஒற்றுமை அவ்வாண்டு முடிவதற்குள் உதிர்ந்தது.

நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட சில வாரங்களில், 1960 மே முதல் நாள், ஹத்தாவின் ‘டெமோக்ராசி கித்தா’ என்ற நெடுங்கட்டுரை ‘பாஞ்சி மஷராக்காட்’ என்னும் இதழில் வெளிவந்தது. இதழை நடத்தியவர் நாவலாசிரியரும் சமய அறிஞருமாகிய ஹம்கா. இவரும் ஹத்தாவைப் போலவே மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மண்ணில் பிறந்தவர். இதழ் அவ்வாண்டே தடை செய்யப்பட்டது.

மலேசியத் தமிழர் இக்கட்டுரையைப் படிக்க மொழிபெயர்ப்பை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி இறக்கும் சுமத்ராக்காரரோடு தமிழ் வியாபாரி பேசுகிற மொழிக்கும் ஹத்தா எழுதிய மொழிக்கும் நடையில் வேறுபாடு உண்டு, மொழி ஒன்றே. 1972இல் இரு நாடுகளும் எழுத்துமுறையை ஒருமைப்படுத்தின. ஆதலால் பழைய பிரதியின் எழுத்துமுறை மட்டும் முதற்பக்கத்தில் சற்றே தடுக்கும். செலாயாங் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் மலாய் அறிந்தவர்க்குச் ‘செலாயாங் பண்டாங்’ என்ற தொடர் நினைவில் எழக்கூடும். ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிடுதல் என்பது அதன் பொருள். அப்படிப் பார்த்து வைத்துவிடக்கூடிய கட்டுரையன்று இது.

தலைப்பிலேயே நின்று பார்த்தல் வேண்டும். ‘கித்தா’ என்பது ‘நாம்’. ‘காமி’ என்பது ‘நாங்கள்’. கேட்போரையும் உளப்படுத்திச் சொல்வது முன்னது. விலக்கிச் சொல்வது பின்னது. ஆங்கிலத்திலும் டச்சு மொழியிலும் இவ்வேறுபாடு இல்லை; தமிழில் உண்டு. ஆகவே இத்தலைப்பின் நுட்பம் ஐரோப்பிய மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும், தமிழில் முழுமையாக நிற்கும். 1945 ஆகஸ்டு 17இல் சுகர்ணோ படித்த சுதந்திரப் பிரகடனம் ‘காமி’ என்றே தொடங்குகிறது. உலகை நோக்கி, ‘இந்தோனேசிய மக்களாகிய நாங்கள்’ என்றது அது. அதன் கீழே சுகர்ணோ, ஹத்தா என்ற இரு கையெழுத்துகளே இருந்தன. பதினைந்தாண்டுகள் கழித்து, அவ்விருவருள் ஒருவர் மற்றவரைச் சர்வாதிகாரி என்று சொல்லும் கட்டுரைக்கு ‘நம் ஜனநாயகம்’ என்று பெயரிட்டார். ‘நாம்’ என்பதில் குற்றம் சாட்டப்பட்டவரும் அடங்குகிறார், படிப்பவரும் அடங்குகிறார், எழுதியவரும் அடங்குகிறார். எதிரியை நோக்கிக் கல்லெறியும் தலைப்பு அன்று. ஒரே வீட்டுக்குள் நின்று பேசும் தலைப்பு.

கட்டுரையின் உள்ளும் இதே குரல் கேட்கிறது. சுகர்ணோவைப் பற்றி ஹத்தா கூறும் ஓர் உவமை புகழ்பெற்றது. கெத்தே இயற்றிய ‘பௌஸ்ட்’ நாடகத்தில் வரும் மெபிஸ்டோபிலிஸ் தீமையை நாடி நன்மையை விளைவிப்பவன். சுகர்ணோ அவனுக்கு நேர்மாறு என்கிறார். நோக்கம் நன்று, விளைவு தீது என்பதே கருத்து. ராட்டர்டாமில் பொருளாதாரம் பயின்ற ஹத்தாவுக்கு ஐரோப்பிய இலக்கியம் கைவந்தது. நாடு கடத்தப்பட்டபோது பதினாறு பெட்டிப் புத்தகங்களுடன் போனவர் அவர். ஆயினும் உவமை அழகுக்காக வந்ததன்று. பகைவனைப் பேயென்று சொல்லிவிடுதல் எளிது. பேய்க்கு எதிர்மாறானவனிடத்தும் நாடு கெட்டுப்போகக்கூடும் என்று சொல்லுதற்கு நியாய உணர்வு வேண்டும்.

அடுத்தது கட்டுரையின் வாதம். இந்தோனேசியாவில் ஜனநாயகம் தோற்றது மக்கள் அதற்குத் தகுதியற்றவர் என்பதனால் அன்று. கட்சிகள் பொறுப்பையும் பொறையையும் மறந்து சண்டையிட்டமையே சர்வாதிகாரத்துக்குக் கதவு திறந்தது என்கிறார். ஆனால் ஜனநாயகம் இங்கே சாகாது. அதற்கு மூன்று ஊற்றுகள் உள. மேலைநாட்டுச் சமதர்மக் கொள்கை, நீதியை வற்புறுத்தும் இஸ்லாம், பழைய கிராமங்களின் கூட்டு வாழ்வு என்பன அவை. இவற்றுள் கிராமத்தைப் பற்றி அவர் சொல்வதே சுவை மிக்கது. கலந்தாலோசித்தலும் ஒருவர்க்கொருவர் உதவுதலும் கிராம வாழ்வின் கூறுகள் என்பதை எவரும் சொல்வர். சுகர்ணோவும் அதையே சொல்லித்தான் தம் ஆட்சிக்கு நியாயம் தேடினார். ஹத்தா 1930களிலிருந்தே தம் எழுத்துகளில் அவற்றோடு வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணி வந்தார். அரசன் ஆணை கொடிதாயின் மக்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டும் உரிமை ஒன்று. அவன் ஆளும் எல்லையை விட்டு அகன்றுபோகும் உரிமை மற்றொன்று. ஜாவாவில் அரண்மனைக்கு எதிரேயுள்ள வெளியில் மக்கள் வெயிலிற் காய்ந்துகொண்டு மௌனமாக உட்கார்ந்து முறையிடும் வழக்கம் இருந்தது. சுமத்ராவில் மினாங்கபாவ் ஆடவர் பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து பிழைப்பது மரபு. அவ்வாறு பெயர்ந்தவருள் ஒரு பகுதியினர் சிலாங்கூரில் கோம்பாக் ஆற்றங்கரையிலும் குடியேறினர்.

அகன்றுபோகும் உரிமையை இவ்வளவு உயர்த்திப் பேசிய ஒருவர், தாம் அகன்றதைப் பற்றி இக்கட்டுரையில் பெரிதாக எதையும் பேசவில்லை. படிப்பவரே இரண்டையும் இணைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைத்துப் பார்த்தால் 1956 டிசம்பரின் மௌனம் வேறு பொருள் பெறுகிறது. கிராமத்தான் அரசனைத் திட்டிவிட்டுப் போவதில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறான். காலியான வீடுகளே அரசனுக்குச் செய்தி. ஹத்தாவின் கடிதமும் அத்தகைய காலி வீடு எனலாம். ஆனால் குடிகள் நூறு பேர் ஒருங்கே பெயர்ந்தால் அரசனுக்கு வரி குறையும், வயல் தரிசாகும். உபஜனாதிபதி ஒருவர் தனியே பெயர்ந்தால் ஜனாதிபதிக்கு என்ன குறையும்? கணிகண்ணனுக்குப் பின்னே பெருமாள் போனார். ஹத்தாவுக்குப் பின்னே எவரும் போகவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது. அதனைக் காலியாகவே வைத்துக்கொள்வது சுகர்ணோவுக்கு வசதியாகவும் இருந்தது.

கட்டுரையின் குறைகளையும் சொல்லவேண்டும். 1945 நவம்பரில் கட்சிகள் தோன்றலாம் என்று வெளியிடப்பட்ட அரசாங்க அறிக்கையில் கையெழுத்திட்டவர் ஹத்தாவே. அதற்கு முன் அக்டோபர் 16இல் ஜனாதிபதியின் தனியதிகாரத்தைக் குறைத்து, மத்திய தேசியக் குழுவுக்குச் சட்டமியற்றும் உரிமை தந்த ஆணையும் அவர் கையெழுத்தோடு வந்தது. பல கட்சி ஆட்சிக்கு வித்திட்டவரே அதன் விளைச்சலைப் பழிக்கும்போது, வித்தில் குறையா, நிலத்தில் குறையா, உழவனிடத்திற் குறையா என்பதை ஆராய்ந்திருத்தல் வேண்டும். கட்டுரை அதனைப் போதிய அளவு எடைபோடவில்லை.

இன்னொரு குறை பெரிது. சுகர்ணோவின் முறை வெல்லுமா தோற்குமா என்பதை அவரே கண்டறியத் தக்க காலமும் நியாயமான வாய்ப்பும் தரலாம் என்று ஹத்தா ஓரிடத்தில் எழுதுகிறார். பெருந்தன்மை மிக்க வாக்கியம்; ஆனால் ஆபத்தான வாக்கியமும் அதுவே. ஆட்சிமுறையைப் பரிசோதித்துப் பார்க்கும் காலத்தில் சிறையில் கிடப்பவன் யார்? ஹத்தாவின் பழைய தோழரும் முன்னாள் பிரதமருமாகிய சுத்தான் ஷாரிர் 1962 ஜனவரியில் சிறைப்பட்டார். நோயுற்றுச் சிகிச்சைக்காக அனுப்பப்பட்டு 1966இல் சூரிச் நகரில் இறந்தார். கட்டுரையை அச்சிட்ட ஹம்காவும் 1964இல் காவலில் வைக்கப்பட்டார். பொறுமை காட்டும் உரிமை துன்பம் அனுபவிப்பவனுக்கே உரியது. தாக்கப்படாத இடத்தில் இருப்பவர் பிறர் சார்பில் அதனை வழங்கிவிட முடியாது. ஹத்தாவும் டச்சுக்காரர் காலத்தில் போவன் டிகூலிலும் பண்டா தீவிலும் ஏழாண்டு நாடு கடத்தப்பட்டுக் கிடந்தவர். துன்பம் அறியாதவர் அல்லர். அறிந்தவர் எழுதியதனாலேயே இவ்வாக்கியம் மேலும் வியப்பூட்டுகிறது.

சுகர்ணோவின் முறை அவர் ஆயுளைக் காட்டிலும் நீடிக்காது, சீட்டுகளால் அடுக்கிய வீடுபோல் தானே சரிந்துவிடும் என்று கட்டுரை முன்னுரைத்தது. பாதி பலித்தது. 1963இல் ஆயுட்கால ஜனாதிபதி என்று அறிவிக்கப்பட்டவர் 1967இல் பதவியிழந்தார். ஆனால் வீடு சரிந்த இடத்தில் ஜனநாயகம் எழவில்லை. 1965இலும் 1966இலும் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். சுகார்த்தோ 1998 வரை ஆண்டார். ஹத்தா 1967இல் ஒரு புதுக் கட்சி தொடங்க முயன்றபோது அதற்கும் சுகார்த்தோ இசையவில்லை. சர்வாதிகாரம் ஒருவரது உடம்போடு ஒட்டியது என்று எண்ணியது கட்டுரையின் பிழை. அது நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளக்கூடியது. அமர்பவர் மாறினாலும் அங்கேயே இருக்கும்.

மலேசியாவிலும் விலகல் கடிதங்கள் எழுதப்பட்டதுண்டு. 1986 பிப்ரவரி இறுதியில் துணைப் பிரதமரும் அம்னோவின் துணைத் தலைவருமாகிய மூசா ஹித்தாம் விலகுவதாகத் தெரிவித்தார்; மார்ச்சு 16இல் அரசாங்கப் பதவியை விட்டார். கட்சிப் பதவியையும் துறப்பதாகச் சொல்லிப் பின்னர் அதனை வைத்துக்கொண்டார். பிரதமர் மகாதீருக்குத் தம்மிடம் நம்பிக்கையில்லை என்பதே அவர் காட்டிய காரணத்தின் சாரம். ஹத்தாவின் கடிதத்தில் காரணமே இல்லை. மூசாவின் கடிதத்தில் இருந்த காரணமோ இருவருக்கிடையிலானது. நாட்டுக்கு உரிய காரணம் ஒன்றும் அதில் முன்நிற்கவில்லை. ஆதலால் மக்கள் அதனைக் கட்சிச் சண்டை என்றே எடுத்துக்கொண்டனர். 1987 ஏப்ரலில் நடந்த கட்சித் தேர்தலும் அவ்வாறே முடிந்தது. தலைவர் பதவிக்கு மகாதீர் 761, தெங்கு ரசாலி 718. துணைத் தலைவர் பதவிக்கு கபார் பாபா 739, மூசா 699. அவ்வாண்டு அக்டோபர் 27இல் லாலாங் நடவடிக்கை தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டனர்; தமிழர் நன்கறிந்த பி. பட்டு, வி. டேவிட் ஆகியோரும் அவருள் இருந்தனர். மூன்று பத்திரிகைகள் நிறுத்தப்பட்டன. தனிமனித ஆட்சியை எதிர்த்து விலகுவதற்கான தருணம் அதுவே. ஆனால் விலகக்கூடியவர் முன்னரே, வேறு காரணம் சொல்லி, விலகியிருந்தார்.

மூசாவிடம் அநீதி இழைக்காதிருக்க வேறொன்றும் சொல்லவேண்டும். உள்துறை அமைச்சராக அதே சட்டத்தின் சாவியைக் கையில் வைத்திருந்தவர் அவர். 1985 நவம்பரில் மெமாலியில் பதினெண்மர் மாண்டபோதும் அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. அவரே பின்னர் மலேசிய மனித உரிமை ஆணையத்தின் முதல் தலைவரானார். 2000 நவம்பரில் கெசாஸ் நெடுஞ்சாலையில் கூடியவர்கள்மீது போலீசார் எடுத்த நடவடிக்கையைக் குறைகூறும் அறிக்கை அவர் தலைமையில்தான் வந்தது. தாமதமாக வந்த எதிர்ப்பு என்று இதனைக் கொள்ளலாமா என்பது அவரவர் தீர்ப்பு.

இவ்விருவரினும் தெளிவாக எழுதியவர் சட்டத்துறைப் பொறுப்பு வகித்த அமைச்சர் ஸைட் இப்ராகிம். 2007 நவம்பரில், செலாயாங் நகராண்மைக்குட்பட்ட பத்துமலையின் அடிவாரத்தில் விடியுமுன் திரண்ட கூட்டத்தைத் தமிழர் மறந்திருக்க முடியாது. அதனைத் தொடர்ந்து ஹிண்ட்ராப் தலைவர் ஐவர் அதே பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 2008 மார்ச்சில் ஸைட் அமைச்சரவையில் சேர்ந்தபோது அவர்கள் உள்ளே இருந்தனர். செப்டம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் நிருபர் ஒருவரும் இணைய எழுத்தாளர் ஒருவரும் அச்சட்டப்படி பிடிக்கப்பட்டதும், அதனையே காரணமாகக் காட்டி அவர் விலகினார். துணைப் பிரதமர் நாற்காலியன்று அது, சிறிய நாற்காலிதான். ஆயினும் மறுநாட் காலைப் பத்திரிகையைப் படித்த எவருக்கும் அவர் ஏன் போனார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஓர் அமைச்சர் விலகியதால் நீங்கியது என்று யாரும் சொல்லார். எனினும் அச்சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அவ்விலகலை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஹத்தாவின் பெருமை வேறு வகையானது. விலகிய நாளில் சொல்லாததை அவர் பிறகு சொன்னார்; நாடாளுமன்றம் கலைந்து, எதிர்க்கும் ஏடுகள் ஒடுங்கிய பின்னர்ச் சொன்னார்; அதுவும் ‘நாங்கள்’ என்று பிரியாமல் ‘நாம்’ என்றே சொன்னார். அந்த ‘நாம்’ வெறும் தலைப்பாக நின்றுவிடவில்லை. சுகார்த்தோவின் ஆட்சியில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு நோயுற்றுக் கிடந்த சுகர்ணோவை ஹத்தா 1970 ஜூன் 19ஆம் நாள் ஜாகர்த்தா இராணுவ மருத்துவமனையில் சென்று கண்டார். இளமைப் பழக்கப்படி டச்சு மொழியில் நலம் விசாரித்துக்கொண்டனர் என்பர். இரண்டு நாள் கழித்துச் சுகர்ணோ காலமானார். உபஜனாதிபதியின் நாற்காலி அப்போதும் காலியாகவே கிடந்தது. 1973இல்தான் யோக்யாகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ அதில் அமர்ந்தார்.